அப்பாவின் கிளேஸ் கணக்கு

எங்கள் ஊரில் மண் எல்லார்க்கும் பொது. கிளேஸ் அவரவர்க்குத் தனி. விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையில் உருவான ஃபியூஸ் கட்டையை அடுத்த கொட்டகைக்காரர் கையில் எடுத்துப் பார்த்தாரானால், மண் எப்படிப்பட்டது, சூளையில் எவ்வளவு வெந்தது என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடுவார். அதன்மேல் கண்ணாடிபோல் படிந்திருக்கும் பூச்சில் எது எவ்வளவு சேர்ந்தது என்பதை மட்டும் அவராலும் சொல்ல இயலாது. பெல்ஸ்பார் எத்தனை கிலோ, குவார்ட்ஸ் எத்தனை கிலோ, வெள்ளைக் களிமண் எவ்வளவு, சுண்ணாம்புக்கல் பொடி எவ்வளவு என்னும் அந்தக் கணக்கு குடும்பச் சொத்து. மகளுக்கு நகையும் நிலமும் கொடுத்து அனுப்புகிறவர்கள்கூட கிளேஸ் கணக்கைக் கொடுத்து அனுப்பியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

கொட்டகையை நடத்துகிறவர்கள் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவர். அதைத் தொடங்கி வைத்தவர் எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். ஆயினும் இருவருமே அவரை அப்பா என்றுதான் அழைத்தோம். களிமண் நீர் பட்டு அவருடைய கணக்கு நோட்டுகள் ஒவ்வொன்றாய் அழிந்து வந்தன. 1999-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்குச் சென்று பழைய கணினி ஒன்றை விலைக்கு வாங்கி ரயிலில் கொண்டுவந்தார். பேட்டையே சிரித்தது. அப்பாவுக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியும். எனவே அவர் எவருடைய சிரிப்பையும் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு கலவைக்கும் தேதி, எடை, சூளையின் சூடு, விளைந்த குறை, அன்று மழையா வெயிலா என்பது வரை இரவில் உட்கார்ந்து தட்டி வைப்பார். 2011-இல் அவர் மறைந்தார். கணினியைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினோம். அவர் கையால் கற்ற இரண்டு கலவைகள் எங்களுக்கு மனப்பாடம். அவை போதும் என்றிருந்தோம்.

2022-இல் அவை போதவில்லை. வழக்கமாகப் பெல்ஸ்பார் அனுப்பி வந்தவர் தொழிலை விட்டுவிட்டார். புதிய இடத்திலிருந்து வந்த கல்லைப் பழைய கணக்கிலேயே சேர்த்தோம். சூளையிலிருந்து இறக்கியபோது கட்டைகள் பளபளவென்றுதான் இருந்தன. மூன்றாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூச்சு முழுவதும் மயிரிழைபோல் வெடிப்பு. சூளை ஆறும்போது உடலைவிட மேற்பூச்சு மிகுதியாகச் சுருங்கினால் இவ்வாறு நேரும். மின்சாரச் சாமானில் இது சிறு குறையன்று. வெடிப்பின் வழியே ஈரமும் அழுக்கும் இறங்கும். ஒரு வியாபாரி முந்நூறு உருப்படிகளைத் திருப்பி அனுப்பினார். அடுத்தவர் ஆர்டரையே நிறுத்தினார். இதே தொல்லை 2003-லும் வந்ததும், அப்பா இரண்டு மாதம் போராடி அதைத் தீர்த்ததும் எங்கள் நினைவிலிருந்தன. எப்படித் தீர்த்தார் என்பது மட்டும் பரணில் இருந்தது.

பழைய வட்டிலிருந்து கோப்புகளை ஒரு கடையில் மீட்டுத் தந்தார்கள். ஆனால் திறந்த ஒவ்வொரு கோப்பிலும் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் வினோதக் குறிகளும் கலந்து கொட்டிக் கிடந்தன. அப்பா பயன்படுத்திய எழுத்துரு இல்லாமல் அதைப் படிக்க இயலாது. அதை விற்ற நிறுவனமோ இப்போது இல்லை. மாற்றிப் பார்க்கலாம், எட்டாயிரம் ரூபாய் ஆகும், வருமென்று உறுதி கூற முடியாது என்றார்கள்.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அக்காலக் கணினி எழுத்துருவில் இருந்தவை 256 இடங்கள். ஆங்கில எழுத்துகளுக்கென ஒதுக்கிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தித்தான் பலர் தமிழ் எழுத்துருக்களைச் செய்தனர். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது செய்தவர் விருப்பம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகெங்குமுள்ள தமிழர் கலந்து பேசி 'திஸ்கி' என்றொரு முறையை வகுத்தனர்; 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி 'டாப்', 'டாம்' என்னும் முறைகள் ஏற்கப்பட்டன; 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்குள் எத்தனையோ வீடுகளின் கடிதங்களும் கணக்குகளும் பூட்டிய பெட்டிகளாகி, சாவி செய்தவரும் போய்விட்டார்.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல்லாண்டுகளாக இயங்கி வருகின்றது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் கட்டணமின்றிக் கணினி கற்பிக்கின்றனர். அதுபோன்ற குழுவொன்றில் பழகிய கல்லூரி மாணவர் ஒருவரை எங்கள் உறவுப் பெண் எங்களுக்கு அறிமுகம் செய்தாள். அவர் தொலைபேசியிலேயே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பழைய எழுத்துகளை யூனிகோடாக்கும் திறமூல நிரல்கள் உண்டு, முயன்று பார்க்கலாம், கோப்புகளை அனுப்புங்கள் என்றார். கட்டணம் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும், கேளாததால் அவர் செய்வது எங்கள் உரிமை என்பதுபோல் ஆகிவிட்டது.

நான்கு நாள் சென்றன. ஒரு வாரம் சென்றது. கொட்டகையில் வேலை நின்றிருந்தது. எங்களில் ஒருவர் அவரை அழைத்து, "முடியும் என்றால் முடியும் என்று சொல்லுங்கள் தம்பி, முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், எங்களுக்குத் தொழில் கெடுகிறது" என்று குரலை உயர்த்திப் பேசினோம். (யார் அந்த ஒருவர் என்பதை எழுத வேண்டாமென்று எங்களுக்குள் உடன்பாடு.) மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர், "சார், எனக்குச் செமஸ்டர் தேர்வு நடக்கிறது. நாளையோடு முடிகிறது. நாளை இரவு உட்காருகிறேன்" என்றார். தேர்வு இருக்கிறதென்று முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்க எங்களுக்கு வாயெழவில்லை. முன்பே கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

பின்னர் 2024-இல் உலகெங்கும் பேசப்பட்ட ஒரு செய்தியைப் படித்தபோது அந்தத் தொலைபேசி அழைப்பு மீண்டும் காதில் ஒலித்தது. கோப்புகளைச் சுருக்குவதற்கு 'எக்ஸ்-இசட்' என்றொரு சிறு நிரல் உண்டு. எண்ணற்ற கணினிகளில் அது இருக்கின்றது. லாசே காலின் என்பவர் அதை ஊதியமில்லாமல், ஓய்வு நேரத்தில் பல்லாண்டு காத்து வந்தார். 2022-இல் சிலர், வேலை மந்தமாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்று அவரை மீண்டும் மீண்டும் நெருக்கினர். உதவ வந்தவராகத் தோன்றிய ஒருவர் படிப்படியாக நம்பிக்கை பெற்று, பொறுப்பிலும் பங்கேற்று, இறுதியில் அந்நிரலுக்குள் திருட்டு வாசல் ஒன்றை வைத்துவிட்டார். நெருக்கிய குரல்களும் அந்தச் சூழ்ச்சியின் பகுதியே என்று பின்னர் பலர் கருதினர். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தம் கணினி தொலைவிலிருந்து உள்நுழைய அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வதைக் கண்டு, அது ஏனென்று துருவிப் பார்த்தமையால் அந்தச் சதி வெளிப்பட்டது. அந்த அரை நொடியைப் பலரும் வியந்தார்கள். எங்களைத் தைத்தது வேறு: சூழ்ச்சிக்காரர் கைக்கொண்ட ஆயுதம், 'ஏன் இன்னும் முடிக்கவில்லை' என்னும் வாசகம். எங்கள் வாயிலும் அதுவே வந்தது. எங்களிடம் சூழ்ச்சி இல்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

சொன்னபடியே மறுநாள் இரவு அவர் உட்கார்ந்தார். முதலில் கிடைத்தது முக்கால்வாசி தமிழ். 'மழை', 'சூளை', 'வெடிப்பு' என்று அப்பாவின் சொற்கள் பதினோர் ஆண்டுக்குப்பின் திரையில் தெரிந்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் எடைகள் இருந்த இடங்களில் '11சு', '2சு' என்று வந்தது. 'சு' என்றால் என்ன? அப்பாவின் எழுத்துரு, நன்கறிந்த ஒரு முறையை ஏதோவொரு கடைக்காரர் தம் வசதிக்காகச் சற்றே மாற்றியமைத்தது போலும். சில எழுத்துகள் இடம் மாறியிருந்தன. இரண்டரையா, இரண்டேகாலா என்பது தெரியாமல் கிளேஸ் கலக்க முடியாது. அதே எழுத்துருவில் அச்சடித்த தாள் ஏதாவது இருக்கிறதா என்று மாணவர் கேட்டார். வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம். பழைய டிரங்குப் பெட்டியில் 2004-ஆம் ஆண்டின் பில் ஒன்று கிடைத்தது. அதில் 'களிமண் 11½ மூட்டை' என்று அச்சாகியிருந்தது. கடைக்காரர்களின் பில்லுக்கு உதவுமென்று 'சு' இருக்க வேண்டிய இடத்தில் அரைக் குறியை வைத்திருக்கிறார்கள்!

கொம்புகள்தாம் அவரை அதிகம் வருத்தின. பழைய எழுத்துருக்களில் 'கோ' என்று எழுத, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று வைப்பார்கள். யூனிகோடில் மெய்தான் முதலில், உயிர்க்குறி பின்னால். எனவே ஒவ்வொரு கொம்பையும் பிடித்து அதற்குரிய எழுத்துக்குப் பின்னே நிறுத்த வேண்டும். எங்கள் கோப்புகளில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன. "இந்த இரட்டைச் சுழி மட்டும் என்னைப் படாத பாடு படுத்துகிறது சார்" என்று அவர் சிரித்தபோது, எங்களுக்குக் கோனான்குப்பம் நினைவுக்கு வந்தது. எங்கள் வட்டத்திலேயே உள்ள ஊர் அது. அங்குள்ள பெரியநாயகி அன்னை ஆலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர் என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் காலத்துக்கு முன் எகர ஒகரக் குறில்களைப் புள்ளியிட்டு வேறுபடுத்துவது மரபு. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். எனவே குறிலா நெடிலா என்பதைப் படிப்பவர் ஊகிக்க வேண்டும். நெடிலுக்கெனக் கொம்பைச் சுழித்துக் காட்டும் வழக்கத்தைத் தந்தவர் அந்த இத்தாலியத் துறவி. இன்று 'கேள்' என்று எழுதும் எவரும் அந்தச் சுழிக்காக யாருக்கும் கட்டணம் செலுத்துவதில்லை. செலுத்த வேண்டும் என்று யாரும் நினைப்பதுமில்லை. இதை மாணவருக்குச் சொன்னோம். அவர் கோனான்குப்பம் கேள்விப்பட்டதில்லை, குறித்துக்கொண்டார்.

இரவு ஒன்றரை மணிக்கு முழுக் கோப்பும் வந்தது. 2003 கார்த்திகையில் அப்பா எழுதியிருந்தார்: பெல்ஸ்பாரை 2½ குறைக்கவும், குவார்ட்ஸை 2½ கூட்டவும். எந்த எடையிலிருந்து என்பதை மட்டும் இங்கே எழுதவில்லை; அது ஏன் என்பது பின்னால் வரும்.

மறுவாரம் மாணவர் ஒரு செய்தி சொன்னார். எங்கள் எழுத்துருவின் அட்டவணையை அந்த மாற்றுநிரலைப் பேணுகிறவர்களுக்கு அனுப்பியிருந்தாராம். அவர்களுள் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் பிழை காட்டித் திருத்தச் சொல்லி, பிறகு நிரலில் சேர்த்துக்கொண்டாராம். அவர் எந்த ஊர், என்ன தொழில் செய்கிறார் என்பது மாணவருக்கே தெரியாது. இனி எங்கோ ஒரு வீட்டில் அதே எழுத்துருவில் பூட்டிக் கிடக்கும் கோப்பை ஒருவர் திறக்கும்போது, இரவு விழிக்க வேண்டியதில்லை. அதற்கு எங்கள் பழைய பில் ஒன்று காரணமாயிற்று என்பதும் அவருக்குத் தெரியப் போவதில்லை.

ஒரு கவரில் ஐயாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு விழுப்புரம் சென்றோம். ஒரு மணி நேர ரயில் பயணம். மாணவர் கவரை வாங்கவில்லை. வற்புறுத்தியபோது முகம் சிறிது வாடிற்று, அதனால் நிறுத்திக்கொண்டோம். "ஃபியூஸ் கட்டை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறன்று இரண்டு நண்பர்களோடு வந்தார். அச்சில் அழுத்துவது, காய வைப்பது, கிளேஸ் தொட்டியில் முக்கி எடுப்பது, சாகர் பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குவது எல்லாம் காட்டினோம். மீன் குழம்பு சாப்பிட்டார்கள். புறப்படும் நேரத்தில் அவர் கேட்டார்: "இந்தக் கணக்கை நீங்கள் வேறு யாருக்காவது கொடுப்பீர்களா சார்?" நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் அவருடைய உலகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்பதை அவர் தந்த புத்தகங்களைப் படித்த பின்னரே உணர்ந்தோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் ஒருமுறை அங்கிருந்த அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த விரும்பினார். தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்போர்க்குத் தெரிவிக்கும்படி செய்ய வேண்டும், அவ்வளவே. நிரலின் மூலத்தை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் கேட்டார். பகிர்வதில்லை என்று தாம் உறுதி தந்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் உள்ளத்தில் ஆறாமல் கிடந்தது. 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார்: எவரும் இயக்கலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். 1991-இல் ஹெல்சிங்கி நகர மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய கருநிரலை உலகின்முன் வைத்தார். இரண்டும் சேர்ந்த ஒன்றில்தான் எங்கள் மாணவரின் மடிக்கணினி ஓடுகின்றது. யாரோ ஒருவர் கேட்டு, யாரோ ஒருவர் கொடுக்க மறுத்ததிலிருந்து இவ்வளவும் முளைத்திருக்கிறது. செராமிக் பேட்டையில் பிறந்தவர்களுக்கு அந்த மறுத்தவரை நன்றாகத் தெரியும்; எங்களைப்போல்தான் இருந்திருப்பார்.

தமிழுக்கு உழைத்தவர்களும் பலர். 1998-இல் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்திற்காக, ஒருவரையொருவர் பார்த்தறியாத அன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். 2012 சனவரியில் தொடங்கிய 'கணியம்' இதழ் கணினி நுட்பங்களை எளிய தமிழில் எழுதி, எவரும் எடுத்தாளலாம் என்று விட்டது. முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல் தொகுப்பில் பழைய எழுத்து முறைகளை மாற்றும் கருவிகளும் உண்டு. இவர்கள் நிரல் தந்தார்கள், நூல் தந்தார்கள் என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். எங்களுக்கு அதைவிடப் பெரிதாய்த் தோன்றுவது, கேட்டவருக்கு விடை சொல்ல அவர்களைப் போன்றோர் செலவிடும் இரவுகள். நிரலை ஒருமுறை எழுதினால் போதும். அதே கேள்வியை நூறாவது ஆள் வந்து கேட்டாலும், முதலாவது ஆளிடம் பேசிய குரலிலேயே பேச வேண்டியிருக்கிறது.

அப்பா காலத்தில் எங்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. சிறு கொட்டகைக்காரர்கள் அரசு மையத்தின் பொதுச் சூளையில் கட்டணம் செலுத்திச் சுட்டெடுப்பார்கள். பல குடும்பத்துச் சாமான்கள் அருகருகே ஒரே நெருப்பில் வேகும். அடுக்கும்போது அடுத்தவருடைய பெட்டி சாய்ந்திருந்தால் அப்பா கேட்காமலே நிமிர்த்தி வைப்பார். ஆனால் கிளேஸ் தொட்டிக்கு மேல் எப்போதும் ஒரு தகரம் மூடியிருக்கும். இரண்டும் அதே மனிதர்தாம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது போன மாதம் நடந்த ஒன்று. எங்களுக்கு அடுத்த கொட்டகையில் ஓர் இளைஞர் கடன் வாங்கி அகல் விளக்கும் பொம்மையும் செய்யத் தொடங்கியிருக்கிறார். இவ்வூர்ப் பயிலகத்திலேயே செராமிக் படித்தவர். ஒரு மாலையில் கையில் நான்கு விளக்குகளுடன் வந்தார். பூச்சில் அதே மயிரிழை வெடிப்பு. அதே இடத்துப் பெல்ஸ்பார். "அண்ணே, உங்களுக்கு வந்து சரியானதாகச் சொல்கிறார்கள். என்ன மாற்றினீர்கள்?" என்றார். "சூளையை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள் தம்பி, மெதுவாக ஆறட்டும்" என்றோம். பொய்யன்று, ஆனால் அது விடையுமன்று. அவர் நன்றி சொல்லிப் போனார். அன்றிரவு சோறு இறங்கவில்லை. எங்களில் ஒருவர், "அந்தப் பையன் கேட்டானே" என்று தொடங்கி நிறுத்தினார். எந்தப் பையன் என்று மற்றவர் கேட்கவில்லை.

உடனே போய்விட்டோம் என்று எழுத ஆசைதான். ஒன்பது நாள் ஆயிற்று. ஃபியூஸ் கட்டை வேறு, விளக்கு வேறு, அவர் எங்களுக்குப் போட்டியே இல்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்; நாளைக்கு அவரும் ஃபியூஸ் கட்டையில் இறங்கினால் என்ன செய்வது என்றும் சொல்லிக்கொண்டோம். அதற்கு இன்றுவரை எங்களிடம் பதிலில்லை. பத்தாம் நாள் மாலை, 2003 கார்த்திகைப் பக்கங்களை அச்செடுத்து, முழு எடையுடன் அவர் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். ஊருக்கே எழுதிக் கொடுக்கும் துணிவு இன்னும் வரவில்லை. அதனால்தான் இங்கே அந்த எடைகள் இல்லை.

அவர் விளக்கடியில் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஓரிடத்தில் நின்று, "இதென்ன அண்ணே, 'இன்று மழை, களிமண் அரை கிலோ கூட' என்று எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார். மழைக் காலத்தில் களிமண் பொடி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும்; தராசு அந்த ஈரத்தையும் சேர்த்து மண் என்று காட்டும்; ஆகவே அரை கிலோ கூட்டினால்தான் உண்மை எடை வரும். அதற்குப் பொடியைக் கைக்குள் பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும், எழுத்தில் மட்டும் சொல்லிவிட முடியாது. மூட்டையை அவிழ்க்கச் சொன்னோம். வீடு திரும்ப மணி ஒன்பதரை ஆகிவிட்டது.